டைட்டஸ் வண்டியின் நடுக்கம்

இனயம் டைட்டஸின் பிக்கப் வண்டியில் ஒன்றரை வருடத்துக்கும் மேலாக இருந்துவந்த நடுக்கம், 2006-ஆம் ஆண்டு ஓணத்துக்கு முந்திய வியாழக்கிழமை, அவன் மனைவி குளோரியின் உடம்பில் குடியேறியது. அன்று சாளை மீன் மலிந்து கிடந்தது. மழை இல்லை. ஓணம் நெருங்கியதால் களியக்காவிளைச் சந்தையில் மீனைவிட வாழைக்குலைக்குத்தான் மதிப்பு. நடுக்கம் ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்துக்குப் போகுமா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். போனதைக் கண்ணால் கண்டவர்கள் இனயத்தில் பாதிப் பேர். மீதிப் பேர் அந்த நேரம் கடலில் இருந்தார்கள்.

அது ஜீப் மூக்கு வைத்த பழைய பிக்கப். டைட்டஸ் கல்ஃபில் ஒரு அரபியின் படகில் சில வருடம் வலை இழுத்துவிட்டு ஊர் திரும்பி, இனிமேல் கடலில் கால் வைப்பதில்லை என்று சொல்லி வாங்கியது. பங்குச் சாமியாரை அழைத்து மந்திரித்து, பானட்டில் சிலுவை போட்டு, கரையில் மீனை ஏற்றிக் களியக்காவிளையில் இறக்கும் தொழிலைத் தொடங்கினான். அடுத்த வருடம் மகள் அபினா பிறந்தாள். அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் ஆகாது. சேலைத் தொட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுவாள். மடியில் வைத்தாலும் தோளில் போட்டாலும் அழுகைதான். ஒருநாள் டைட்டஸ் பொறுமை கெட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்து, எங்கே போவதென்று தெரியாமல் எஞ்சினை மட்டும் போட்டான். சீட்டு லேசாக நடுங்கியது. பிள்ளை தூங்கிவிட்டாள். அதன்பிறகு வீட்டில் தொட்டில் கட்டவே இல்லை. தினமும் காலையில் அவளை வண்டி சீட்டில் கிடத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடிக்காமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பான். பால் குடிக்கிற பிள்ளை கேட்டிருக்கிறோம், டீசல் குடிக்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறோம் என்று தெருவில் கேலி செய்தார்கள். அவனுக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளோரி இரண்டாம் பூசைக்குப் போயிருந்தாள். டைட்டஸ் வழக்கம்போல் பிள்ளையைச் சீட்டில் கிடத்தி, காற்றுப்பட்டால் சளி பிடிக்கும் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, கரைச் சாலையில் வண்டியை நிறுத்தியிருந்தான். கடல் உள்வாங்கிப் போய்விட்டது, பாறையெல்லாம் தெரிகிறது, மீன் தரையில் துள்ளுகிறது என்று கூச்சல் கேட்டது. டைட்டஸ் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் பார்க்கப் போனான். அன்றைக்குப் பார்க்கப் போகாத ஆண்பிள்ளை அந்தக் கரையில் ஒருவனும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் திரும்பி வந்தபோது ஒரு தென்னை அவன் கைக்கு அகப்பட்டது, அவன் பிழைத்தான். வண்டியை ஏ.வி.எம். கால்வாய்க்கு அப்பால் ஒரு தோப்புக்குள் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணீர் புகுந்த எஞ்சின் ஓடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஓடியது. கதவு சாத்தியபடியே இருந்தது, கண்ணாடி ஏற்றியபடியே இருந்தது, சீட்டில் ஈரம்கூட இல்லை. பிள்ளையும் இல்லை.

பிள்ளை அதன்பிறகும் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை வைத்துப் பூசை செய்ய வேண்டாம் என்று குளோரி சொல்லிவிட்டாள். அவள் டைட்டஸைத் திட்டவில்லை. ஏன் இறங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், இரவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவள் ஒருமுறையாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றாத நாள் இல்லை.

வண்டி அன்றிலிருந்து நடுங்கியது. முதலில் ஸ்டியரிங் மட்டும், பூனை உறுமுவதுபோல. பிறகு ஓட்டும்போது மட்டுமல்ல, நிறுத்தினாலும், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகும் நடுங்கியது. பெட்டிகளில் அடுக்கிய மீன் களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் செதிள் எல்லாம் தானாக உதிர்ந்து வழுவழுவென்று இருந்தது. உரசிக் கழுவுகிற வேலை மிச்சம் என்று முதலில் பெண்கள் டைட்டஸ் வண்டி மீனைத்தான் கேட்டு வாங்கினார்கள். சாயாக்கடை முன்னால் வண்டியை நிறுத்தியபோது கடைக்காரரின் பால் பாத்திரத்தில் வெண்ணெய் திரண்டது. ஒரு வருடம் போனதும் மீனின் சதையும் முள்ளும் தனித்தனியாகப் பிரிந்து வரத் தொடங்கியது. வியாபாரிகள் கைவிட்டார்கள். கருங்கல் ஊர் இறக்கத்தில் ஒருநாள் ஸ்டியரிங் அவன் கையை உதறிவிட்டுத் தன்னிஷ்டத்துக்குச் சுற்ற, வண்டி பள்ளிப் பிள்ளைகள் நின்ற பக்கம் போய், ஒரு புளியமரத்தின் புண்ணியத்தில் நின்றது. அப்படியே வண்டியை மெக்கானிக் குமாரதாஸின் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.

கருங்கல் குமாரதாஸ் அதற்கு முன்பே அந்த வண்டியில் டயர் மாற்றியிருந்தார், வீல் பேரிங் மாற்றியிருந்தார், கிங் பின்னும் மாற்றியாயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அவர் சாக்கை விரித்து அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் டாம்பர் போய்விட்டது என்றார். சக்கரத்தின் ஆட்டம் ஓட்டுபவன் கைக்கு வராமல் தடுப்பதற்கு முன் ஆக்சிலில் குறுக்காகப் பூட்டியிருக்கும் குழல் அது. உள்ளே எண்ணெய் இருக்கும்.

"ஆட்டம் செத்துப் போவாது மக்கா," என்றார் குமாரதாஸ். "இந்தக் குழலு அதெ குடிச்சு அடக்கி வச்சிருக்கும், அவ்வளவுதான். இது நெறஞ்சு போச்சு. வேற போட்டா வண்டி அடங்கும்."

உப்பு தின்ற நட்டு லேசில் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கேஸ் நெருப்புக் காட்டி, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி இரண்டு முனையையும் கழற்ற மத்தியானம் ஆனது. புதுக் குழலை நாலைந்து முறை இழுத்து அமுக்கி உள்ளே இருந்த காற்றை எடுத்தார். சக்கரத்தை நேராக வைத்துப் பூட்டினார். ஸ்டியரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்தார். வண்டி படித்த பிள்ளைபோல நின்றது. பழைய குழல் தரையில் கிடந்த இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஸ்பேனர்கள் சத்தம் போட்டன. குமாரதாஸ் அதைப் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க் கடைக்குப் போடுவதற்காகக் காலால் தள்ளினார்.

"வேண்டாம் அண்ணே," என்றான் டைட்டஸ். "கடல் திருப்பித் தந்த சாதனமாக்கும். நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

குமாரதாஸ் கரைக்காரர் அல்ல, அதனால் அவருக்கு அது புரியவில்லை. டைட்டஸின் தெருவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆளை எடுத்துக்கொண்ட கடல் அவன் துடுப்பையோ தொப்பியையோ கரையில் ஒதுக்கினால், அதைப் பிறர் கையில் கொடுக்க மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். வீட்டில் கொண்டுபோய்ச் செத்தவர் படுத்த இடத்தில் வைப்பார்கள். இந்த வழக்கம் மரத்துக்கும் துணிக்கும் சரி. எண்ணெய் நிரம்பிய இரும்புக்கு அது பொருந்துமா என்று யாரும் யோசித்ததில்லை. அதுவரை யோசிக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. டைட்டஸ் குழலைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். அபினாவுக்கென்று வீட்டில் படுத்த இடம் ஒன்று இருந்ததில்லை, அதனால் குளோரி அதைத் தன் பக்கத்தில், பாயிலேயே வைத்துக்கொண்டாள். விடிந்தபோது குழல் எண்ணெய் வற்றிச் செத்த இரும்பாகக் கிடந்தது. குளோரி உச்சி முதல் உள்ளங்கால் வரை நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"பேடிக்காண்டாம்," என்றாள், பயந்து நின்ற டைட்டஸிடம். "பிள்ள வந்திருக்கா. வண்டியில இவ்வளவு நாளும் கெடந்து அழுதது அவளாக்கும். நீரு வண்டி கேடாயிட்டுண்ணு கொண்டு அலஞ்சீரு."

வண்டி ஓடியது, டைட்டஸின் தொழில் திரும்பி வந்தது. வீட்டில் பாத்திரங்கள் உடைந்தன. குளோரியால் மீனை வெட்ட முடியவில்லை, விளக்கில் திரி ஏற்ற முடியவில்லை. அன்பிய ஜெபக் கூட்டத்தில் அவள் கையிலிருந்த ஜெபமாலை சலங்கை மாதிரி ஒலிக்க, பக்கத்து வீட்டுக் கிரேசி முதலில் எரிச்சல்பட்டு, பிறகு அந்தத் தாளத்துக்கே ஜெபம் சொல்லப் பழகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், ரத்தம் என்றார்கள், மனசு என்றார்கள். மந்திரித்த எண்ணெய் பூசினார்கள். குளோரி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று போய் வந்தாள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள், அதுதான் சங்கடம். உடம்பு மட்டும் கரைந்துகொண்டே வந்தது. ஒருநாள் காய்ச்சல் வேகத்தில் சுவரில் சாய்ந்து, கொஞ்ச நேரம் என்னை விடு மக்களே என்று பிள்ளையிடம் முனகினாள். உடனே அவள் உடம்பு ஓய்ந்தது. சுவர் நடுங்கி, மாட்டியிருந்த மாதா படம் கீழே விழுந்தது. கண் திறந்து பார்த்தவள் பதறிப்போய் நெஞ்சில் அடித்து அழைத்தாள். நடுக்கம் திரும்ப வந்துவிட்டது. அவள் விட்டால் அது போகும், அவள் நினைத்தால் வரும் என்று டைட்டஸ் அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

2007-இல் அவள் வயிற்றில் ஒன்று உண்டாகித் தங்கவில்லை. 2008-இல் இன்னொன்றும் தங்கவில்லை. ஆடுகிற கொம்பில் காய் நிற்காது என்று கிரேசி டைட்டஸிடம் மெதுவாகச் சொன்னாள். 2009-இல் மூன்றாவது உண்டானபோது, ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இதுவும் போனால் பிள்ளை மட்டும் போகாது என்று சொன்னார். டைட்டஸ் வண்டியை எடுத்துக்கொண்டு தொடுவெட்டிப் பாலத்து ஓரத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். ஒரு சின்ன அதிர்வுகூட இல்லாமல், பாறையைப்போல இருந்தது ஸ்டியரிங். அதை அவன் வெறுத்தான்.

வீட்டுக்கு வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, இதை எங்காவது விட்டுவிடு என்று கெஞ்சினான். எங்கே விட என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். கடலுக்குக் கொடு என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கொட்டாரத்து வள்ளிநாயகம் பிள்ளையின் நினைவு வந்தது. அவருக்கு வயலும் தோப்பும் உண்டு. தென்னைக்கு உரமாக மீன்கழிவு கொண்டுபோய்ப் போடுவது டைட்டஸ்தான். வயிற்றுக்காரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னபோது வள்ளிநாயகம் பிள்ளை சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை.

"வே டைட்டஸ், எனக்கு ஒரு தென்னை இருந்தா என்ன, போனா என்ன," என்றார். "பிள்ளத்தாச்சி நடுங்கிட்டு நிக்கா. எந்த மரம் வேணுமோ கெட்டிப் பிடிக்கச் சொல்லும்."

குளோரி வரப்போரத்தில் ஒரு முதிர்ந்த தென்னையைக் கட்டிப் பிடித்துக் கண்ணை மூடினாள். மரம் நடுங்கியது. தேங்காய், இளநீர், குரும்பை எல்லாம் சடசடவென்று உதிர்ந்தன. பக்கத்து வயலில் பால்பிடித்து நின்ற கதிரும் கொட்டியது. பிள்ளையின் மனைவி அழகம்மை ஓடிவந்து குளோரியை அணைத்துப் பிடித்து, உள்ளே கூட்டிப்போய்க் கஞ்சி கொடுத்தாள். வெகுநாளைக்குப் பிறகு குளோரி தானே கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தாள். டைட்டஸ் அதைப் பார்த்துவிட்டுத் தோப்புக்குள் போய் மரத்தைக் கும்பிட்டான். ஆனால் திரும்பும் வழியில், நாகர்கோவில் எட்டுவதற்கு முன்பே, அவள் வண்டிக் கண்ணாடி வழியே பின்னால் பார்த்துப் பார்த்து விசும்பத் தொடங்கினாள்.

"மரத்துக்குக் கையில்லல்லா," என்றாள். "அவ அழுதா அங்க யாரு எடுப்பா?"

சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடிகள் கடகடத்தன. அது ரோட்டு வழியாகவே வந்து அவளிடம் சேர்ந்துவிட்டது. கொட்டாரத்தில் தென்னை நடு முறிந்து விழுந்தது என்று வள்ளிநாயகம் பிள்ளை பிறகு ஆள்விட்டுச் சொன்னார். நஷ்டம் எதுவும் கேட்கவில்லை. டைட்டஸ் அதற்குப் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. கோயில் மணியில் விட்டுப் பார்த்தார்கள், மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி மணி அழுதது, கேட்கப் பொறுக்காமல் அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். கழுத்துக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்று ஆகிவிட்டது அவனுக்கு. ஆனி மாதம் மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவளுக்கு லேசாக உதிரம் பட்டது. கிரேசி துணியை மாற்றிவிட்டு வெளியே வந்து, கறைபட்டதைக் கழுவப் போனாள். டைட்டஸ் உள்ளே போய்ப் பாயருகே மண்டியிட்டான்.

"எனக்குத் தா ஏட்டி. நான் வச்சுக்கிடுறேன்."

குளோரி அவனைப் பார்த்தாள். நாலரை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, கடைக்காரியிடம் விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"உமக்கா? அண்ணைக்கு உமக்க கையிலதான் தந்துட்டுப் போனேன். நீரு எறங்கிப் போனீரு."

எல்லாரும் போனார்கள் என்று அவன் சொல்லியிருக்கலாம். கண்மூடித் திறக்கும் நேரம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். அவன் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கை மேலே தெரியும்படி மடியில் விரித்து வைத்துக்கொண்டான். அன்று இரவு அப்படியே இருந்தான். மறுநாளும் எழுந்திருக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பெண்டாட்டியிடம் பிச்சை கேட்கிறான் என்றார்கள், ஒரு வீட்டில் நடுக்கம் ஒன்று, கிறுக்கு ஒன்று என்றார்கள். வண்டி வாசலில் மழையில் நனைந்தது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்தது. கிரேசி வந்து இருவருக்கும் கஞ்சி கொடுத்துவிட்டுப் போவாள், அவனுக்கு வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. கூரை ஒழுகி அவன் கையில் தண்ணீர் தேங்கியது; காக்காய் வந்து குடித்துவிட்டுப் போனது. கட்டைவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சிலந்தி வலை பின்னி, அதில் கொசு விழுந்து, சிலந்தி கொழுத்தது. மழையில் அவன் உள்ளங்கையில் பாசி படர்ந்தது. ஒரு மத்தியானம் கடற்கரைப் பக்கம் பெருங்கூச்சல் கேட்டது. வள்ளம் ஒன்று அலைவாயில் கவிழ்ந்துவிட்டது என்று தெருவே ஓடியது. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் தொடை துள்ளியதைக் குளோரி பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கை அசையவில்லை, வலை அறுபடவில்லை. அவள் அதையும் பார்த்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்கு அடிவயிற்றில் வலி கண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, ஊர்ந்து ஊர்ந்து அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். சிலந்தியை மெல்ல எடுத்துச் சுவரில் விட்டாள். பாசியை முந்தானையால் துடைத்தாள்.

"எறங்கிப் போவீரா?"

"போவ மாட்டேன்."

"அவ தூங்கினாலும் போவப்பிடாது."

"போவ மாட்டேன் ஏட்டி."

அவள் தன் இரண்டு கைகளையும் அவன் கைகளுக்குள் வைத்தாள். வைத்த பிறகும் விடவில்லை. கிரேசி கதவோரம் நின்று பார்த்தாள். குளோரியின் தலை முதலில் ஓய்ந்தது, பிறகு தோள், பிறகு முழங்கை, கடைசியாக விரல்கள். சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது. அதையும் அவனிடம் விட்டபோது அவள் வாய்விட்டு அழுதாள். அந்த மாதிரி ஓர் அழுகையைச் சுனாமி நாளில்கூட அவளிடம் கேட்டதில்லை என்று கிரேசி சொல்வாள். டைட்டஸின் கைகள் நடுங்கின. மணிக்கட்டுக்கு மேலே ஏறாமல் அங்கேயே அடங்கி, ஒரே சீராக, நிறுத்திப்போட்ட வண்டியில் எஞ்சின் மட்டும் ஓடுகிற மாதிரி நடுங்கின. குளோரி பாயில் சாய்ந்து, அடுத்த நாள் சாயங்காலம் வரை தூங்கினாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் பெனின் பிறந்தான். எடையும் உண்டு, குரலும் உண்டு. தொட்டில் அவனுக்கும் ஆகவில்லை. குளோரி அவனைக் கொண்டுபோய் டைட்டஸின் கைகளில் கிடத்தினாள். பிள்ளை ஒருமுறை விக்கிவிட்டுத் தூங்கிப்போனான். நடுங்கும் கையால் ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்பதால் குளோரி மார்த்தாண்டத்தில் போய் வண்டி ஓட்டப் படித்தாள். ஊர் அதிசயப்பட்டது அதற்குத்தான். நடுக்கம் ஆள் மாறியதை மறந்துவிட்டு, பொம்பளை பிக்கப் ஓட்டுகிறாள் என்று களியக்காவிளை வரைக்கும் பேசினார்கள். அவள் டைட்டஸைப் பக்கத்துச் சீட்டில் உட்கார்த்திக்கொண்டு போவாள். மீன் இறக்கும்போதும் அவன் இறங்குவதில்லை. சாயாக்கடைக்காரர் கிளாஸைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக ஊட்டிவிட்டுப் போவார்.

2013-இல் ஸ்டியரிங் மறுபடி ஆடத் தொடங்கியது. அவள் நேரே கருங்கல்லுக்கு வண்டியை விட்டாள். இந்தத் தடவை அது வெறும் தேய்மானம்தான். குமாரதாஸ் பழைய குழலைக் கழற்றிப் புதிதைப் பூட்டி, இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்துவிட்டு, கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினார்.

"இதையும் வீட்டுக்குக் கொண்டு போறியா மக்கா?"

"எதுக்கு அண்ணே," என்றாள் குளோரி. "ஆக்கருக்குப் போடும்."

இதற்குள் தெருப் பிள்ளைகள் எல்லாம் டைட்டஸ் கையில்தான் தூங்கினார்கள். சோறு வடிக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றால் பெண்கள் பிள்ளையைக் கொண்டுவந்து வண்டிக்குள் நீட்டுவார்கள். பல் முளைக்கிற பிள்ளை, சளி பிடித்த பிள்ளை, காரணமே இல்லாமல் அழுகிற பிள்ளை, எதுவானாலும் அந்தக் கைகளில் கிடத்தினால் அடங்கிவிடும். முன்னொரு காலத்தில் இவன் கையில் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று யோசித்தவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். பிறகு அவர்கள் அதை யோசித்ததும் இல்லை.

2017 நவம்பர் கடைசி நாளில் புயல் வந்தது. ஆழ்கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பவில்லை. வயர்லெஸ்ஸில் பேச்சு இல்லை. கரையோரம் நிறுத்தியிருந்த பிக்கப்பில் டைட்டஸ் உட்கார்ந்திருந்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, கைப்பிள்ளைகளை அவன் கையிலும் மடியிலும் சீட்டிலும் கிடத்திவிட்டு, பாறைச் சுவரின்மேல் ஏறி நின்றார்கள். கிரேசியின் மகன் போன வள்ளமும் திரும்பவில்லை. அவள் பேரப்பிள்ளை டைட்டஸின் இடது முழங்கையில் கிடந்தது. குளோரி கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தி, பெனினைக் கையில் பிடித்துக்கொண்டு கிரேசியோடு போய் நின்றாள். இருட்டுகிற நேரத்தில் கடல் பொங்கிச் சுவரைத் தாண்டி விழுந்தது. ஐயோ என்ற சத்தம் கரை முழுக்க எழுந்தது. தூரத்தில் வள்ளம் மாதிரி ஏதோ தெரிகிறது என்று ஒருவன் கத்த, நின்றவன், இருந்தவன், நடக்க முடியாதவன் எல்லாரும் பார்க்க ஓடினார்கள். தண்ணீர் வந்து வண்டியின் சக்கரத்தை நனைத்துவிட்டுப் போனது.

வண்டிக்குள் பிள்ளைகள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டைட்டஸ் இறங்கவில்லை.